நான் அப்பவே சொன்னேன் பாத்தியா!

பேராண்டி, கருத்து சொல்றது தப்புன்னு நான் சொல்ல வரல. திருத்தணியில பொறந்துட்டு கருத்து சொல்லாம இருக்க முடியுமா? 365 படி மூச்சு வாங்க ஏறி மேல போய் நின்னாலும், நம்ம ஊரு ஜனங்க கன்னத்துல போட்டுக்கிறதுக்கு முன்னாடி, இன்னிக்கி அலங்காரம் நேத்து மாதிரி இல்லியேன்னு பக்கத்துல நிக்கிறவன்கிட்ட ஒரு வார்த்த சொல்லிட்டுத்தான் கும்புடுவாங்க. அப்பேர்ப்பட்ட ஊரு.

ஆனா காலைல பல்லு வெளக்காம நீ ஒண்ணு சொன்ன பாரு, அதுக்குத்தான் எனக்கு வயித்தெரிச்சல். எட்டு வாரம் வச்சிப் பாக்க வேண்டிய மர்மக் கதைய ஒரே ராத்திரியில முழுங்கிட்டு வந்து, "கொலகாரன் யாருன்னு மூணாவது எபிசோடுலயே தெரிஞ்சிபோச்சு தாத்தா, செம போரு"ன்ன. மூணுல தெரிஞ்சவன் எட்டு வரைக்கும் எதுக்குடா முழிச்சிக்கினு கெடந்த? வெளக்கு அணைக்கச் சொல்லி உன் பாட்டி கத்துனது எனக்குக் கேக்கலன்னு நெனச்சியா?

உன்மேல தப்பு இல்ல. தப்பா யூகிக்கிறதுக்கே அந்தக் கதை உனக்கு நேரம் குடுக்கல. ஒருத்தன்மேல சந்தேகம் வருது, அத நாலு பேருகிட்ட சொல்லி, அவங்க சிரிச்சி, நீ கோவிச்சிக்கினு, மறுபடி யோசிச்சி வேற ஒருத்தன்மேல மாத்துறதுக்குள்ள அடுத்த எபிசோடு தானா ஓட ஆரம்பிச்சிடுது. அப்பறம் உன் கருத்து எங்கேர்ந்துடா வெளையும்?

குந்து. மர்மக் கதைய எப்படிப் பாக்கறது, பாத்துட்டு எப்படி வாயத் தொறக்கறதுன்னு தாத்தன் சொல்லித் தரேன். காசு வேணாம், கடையில ஒரு டீ சொல்லு போதும். சக்கர கம்மியா. பாட்டிக்குத் தெரிய வேணாம், சக்கர கம்மின்றத இல்ல, டீ குடிச்சதையே.

1993 தமிழ் வருசப் பொறப்பன்னிக்கு சன் டிவி ஆரம்பிச்சாங்க. அதுக்குக் கொஞ்ச வருசம் கழிச்சி அதுல 'மர்மதேசம்'னு ஒண்ணு போட்டாங்க. கதை எழுதினவரு மதுரைக்காரரு, இந்திரா சௌந்தர்ராஜன். எடுத்தவரு நாகா. கே. பாலச்சந்தரோட மின்பிம்பங்கள் கம்பெனி. வாரத்துக்கு ஒருநாள், அரை மணி நேரம். அதுலயும் விளம்பரத்துக்குப் பாதி போச்சுன்னா மிச்சம் எவ்வளவு இருக்கும், நீயே கணக்குப் போடு. அந்தத் துளியூண்டு கதைய வச்சிக்கினு நாங்க ஏழு நாளு பொழப்ப ஓட்டுனோம்.

நம்ம தெருவுல அப்ப ஊட்டுக்கு ஊடு தறி. பகல் பூரா லொடக்கு லொடக்குன்னு சத்தம் ஓயாது. அந்த ராத்திரி மட்டும் தெருவே கப்சிப்புன்னு ஆயிடும். கேபிள் இழுத்த ஊடு தெருவுக்கு நாலோ அஞ்சோ. உள்ள எடம் புடிச்சவங்க தரையில, எடம் கெடைக்காதவங்க திண்ணையில, அதுவும் கெடைக்காதவங்க ஜன்னல் கம்பியப் புடிச்சிக்கினு. ஜன்னல்ல நிக்கிறவனுக்கு டிவி பாதிதான் தெரியும். அந்தப் பாதிய வச்சிக்கினு மறுநாள் அவன்தான் அதிகமா கருத்து சொல்லுவான்.

மொதல்ல வந்த கதைக்கு 'ரகசியம்'னு பேரு. சித்தருங்க, ராத்திரி தங்கக் கூடாத கோயிலு, நவபாஷாண லிங்கம் அப்படின்னு போவும். நவபாஷாணம்னா தெரியுமா? ஒம்பது வகை விஷத்தச் சேத்துக் கட்டுறது. பழனியில மூலவர போகர் அப்படித்தான் செஞ்சாருன்னு சொல்லுவாங்க. டிவில இது வந்த மறுநாள் நம்ம பஜாரு நாட்டு மருந்துக் கடையில ஒரு ஆளு போய், "முட்டி வலிக்குது, ஒரு நூறு கிராம் நவபாஷாணம் கட்டுங்க"ன்னு கேட்டிருக்கான். கடக்காரரு பொட்டலம் மடிக்கிற பேப்பரக் கையில எடுத்துக்கினு, "ஒம்பது விஷமும் கலந்து குடுக்கவா, இல்ல ஒண்ணே போதுமா"ன்னாராம். வலி அன்னிக்கே போச்சு.

அந்த வாரம் பூரா ஊர்ல வேற ஒரு வழக்கு. பழனி முருகனுக்கு நவபாஷாணம் இருக்கே, நம்ம தணிகை முருகனுக்கு இன்னா இருக்குன்னு ஒருத்தன் கேட்டு வச்சிட்டான். வந்துது பாரு சண்டை! இந்திரன் பொண்ணுக்குச் சீதனமா குடுத்த கல்லுல அரைக்கிற சந்தனம் நம்மகிட்ட இருக்குதுடான்னு ஒருத்தரு, சீதனமா வந்த யானைய உட்டுட்டியேன்னு இன்னொருத்தரு. சீரியல் இன்னா ஆச்சுன்னு யாருக்கும் ஞாபகம் இல்ல. டெல்லி கணேஷ் அதுல அவ்வளவு நல்லா நடிச்சிருந்தாரு, அதப் பேச ஒரு நாதி இல்ல. அவரு 2024 நவம்பர் 9-ஆம் தேதி ராத்திரி போயிட்டாரு. கதை எழுதின இந்திரா சௌந்தர்ராஜன் மறுநாளே போயிட்டாரு. அதக் கேட்டதும் இதுவே ஒரு மர்மதேசம்னு நம்ம டீக்கடையில ஒருத்தன் ஆரம்பிச்சான். எழுபது எண்பது வயசுல மனுசன் போறதுல இன்னாடா மர்மம், குடிச்ச டீக்குக் காசக் குடுன்னு நான்தான் வாய அடைச்சேன். கதை எழுதினவரு அறுபத்தஞ்சுலயே போயிட்டாருன்றது எனக்கும் தெரியும். அந்த நேரத்துல அத எடுத்துக் குடுப்பேனா?

அதுக்கு அப்பறம்தான் 'விடாது கருப்பு'. அதுக்குத்தான் ஊரே சாமி ஆடுச்சு. அது 'விட்டுவிடு கருப்பா'ன்னு அவரு எழுதின நாவலு. பொஸ்தகத்துல கெஞ்சினவங்க டிவிக்கு வரசொல்ல மெரட்ட ஆரம்பிச்சிட்டாங்க. தெக்கத்திக் கிராமம், கருப்புசாமி கோயிலு, ராத்திரியில குதிரைக் குளம்புச் சத்தம், கையில அரிவாளோட ஒரு உருவம். தப்பு பண்ணவனத் தேடிக்கினு வரும். வர்றது சாமியா ஆசாமியா? அதான் கதை.

நம்ம பக்கம் கருப்புசாமி அவ்வளவா கெடையாது பேராண்டி. நமக்கு முனீஸ்வரன், எல்லையம்மன், கங்கையம்மன், திரௌபதியம்மன். அப்படியிருந்தும் அந்த ராத்திரிக்கு அப்பறம் தோட்டத்துப் பக்கம் போவ ஒரு பொம்பள தனியா எறங்கல. மீசைய முறுக்கிக்கினு திரிஞ்ச ஆம்பளைங்க எல்லாம், "நானும் அந்தப் பக்கம்தான் போறேன், வா"ன்னு பொண்டாட்டிய இட்டுக்கினு போனாங்க. யாரு யாருக்குத் தொணைன்னு இருட்டுல யாரு கண்டா? எதிர் ஊட்டு ஜட்கா வண்டிக் குதிர ஒருநாள் அவுத்துக்கினு தெருவுல ஓடுனப்போ எத்தினி கதவு சாத்துனாங்கன்னு நான் எண்ணல, நானும் சாத்திக்கினுதான் இருந்தேன்.

இப்ப கவனமா கேட்டுக்கோ, சங்கதி இங்கதான் இருக்கு. வாரம் பூரா ஊரே துப்பறிஞ்சிது. கதையில பூசாரி இருந்தாரு, பெரிய ஊட்டுக்காரங்க இருந்தாங்க, பட்டணத்துலேர்ந்து வந்த படிச்சவங்க இருந்தாங்க. கருப்பு யாருன்னு நீ கேட்டா, ஜனங்க டிவியப் பாத்தா பதில் சொன்னாங்க? நெலப் பாகப்பிரிவினையில கோர்ட்டுக்கு அலைஞ்சிக்கினு இருந்த ஆளு, சொந்தக்காரன்தான் பண்றான்னு அடிச்சிச் சொன்னாரு. எந்தச் சொந்தக்காரன்னு கேட்டா, "பங்காளி எவனோ அவன்"னாரு. கதையில பங்காளியே இல்லியேன்னா, "இனிமே வருவான் பாரு"ன்னாரு. கூலி பாக்கி வச்சிருக்கிற மொதலாளிகிட்ட தறி ஓட்டுனவன், பணக்காரன்தான்னான். மொதலாளிய கேட்டா, "வேலக்காரன நம்பவே கூடாதுப்பா"ன்னாரு. மருமக வந்து மூணு மாசம்கூட ஆவாத ஒரு கெழவி, அந்தப் படிச்ச பொண்ணுதான்னு சொன்னா. எப்படிம்மா சொல்றன்னா, "தலய விரிச்சிப் போட்டுக்கினு இருக்கா பாரு"ன்னா. மருமக உள்ள வடிகஞ்சி கொட்டிக்கினு இருந்தது, ஒண்ணும் பேசல. கொஞ்ச நேரம் கழிச்சி, "எனக்கென்னமோ அந்த வயசான அம்மா மேலதான் சந்தேகம் அத்த"ன்னு ஒரே ஒரு வார்த்த சொல்லுச்சு. அன்னிக்கி அந்த ஊட்ல யாரும் சோறு திங்கல.

அதனால நீ எழுதி வச்சிக்கோ. ஒருத்தன் மனசுல இன்னா இருக்குன்னு தெரிஞ்சிக்கணும்னா அவன் ஜாதகத்தப் பாக்காத, மர்மக் கதையில அவன் யாரச் சந்தேகப்படறான்னு கேளு. போலீசு இத்தினி நாளு இதக் கண்டுபுடிக்கலன்றதுதான் எனக்கு ஆச்சரியம். நான் ஒரு பொண்ணு பாக்கற எடத்துல மாப்பிள்ளப் பையன்கிட்ட நைசா கேட்டேன், கருப்பு யாரா இருக்கும் தம்பின்னு. "யாரா இருந்தா இன்னாங்க, தப்பு பண்ணவனத்தான வெட்டுறான்"னான். சம்பந்தம் வேணாம்னு எழுந்து வந்துட்டேன்.

நாவலு படிச்சவங்கன்னு ஒரு ஜாதி இருக்கு. அவங்க கதை தனி.

அப்ப வாடகைக்குப் பொஸ்தகம் குடுக்கிற கடை ஒண்ணு இருந்துது. மாலைமதி, க்ரைம் நாவல், ராஜேஷ்குமார், பட்டுக்கோட்டை பிரபாகர், சுபா எல்லாம் அங்க கெடைக்கும். அட்டைய ஊசி நூலு வச்சித் தச்சிருப்பாங்க. ஒரு பொஸ்தகம் முப்பது நாப்பது கையி மாறி வந்துச்சுன்னா அதுல கதையவிட எண்ணெய்க் கறதான் அதிகமா இருக்கும். சீரியலு சூடு புடிச்ச நேரத்துல நம்ம தெரு ஆளு ஒருத்தரு, பேரு வேணாம், இன்னும் இருக்காரு, அங்க போய் அந்த நாவல எடுத்துக்கினு வந்து கதவ சாத்திக்கினு படிச்சிட்டாரு. மறுநாள்லேர்ந்து அவரு நடையே வேற. டீக்கடையில நாங்க அடிச்சிக்கிறப்போ அவரு மட்டும் பெஞ்சு ஓரமா ஒக்காந்துக்கினு சிரிப்பாரு. ஒரே ஒரு சிரிப்பு. ஊரே அவரு காலுல உழுந்துது. "அண்ணே, ஒரே வார்த்த. ஆம்பளையா பொம்பளையா, அத மட்டுமாவது சொல்லுண்ணே." அவரு டீய ஆத்திக்கினே, "பாருங்க, பாருங்க"ம்பாரு. எத்தினி டீ குடிச்சாரோ, எத்தினி மசால் வடை துன்னாரோ, அந்த முருகனுக்கே வெளிச்சம். ஒரு காசு அவரு குடுத்து நான் பாக்கல.

கடைசி வாரமும் வந்துது. கருப்பு யாருன்னு டிவியில காட்டிட்டாங்க. எல்லாரும் திரும்பி அவரு மூஞ்சியப் பாத்தோம். எங்கள விட அவருதான் அதிகமா வாயப் பொளந்துக்கினு இருந்தாரு! அப்பறம் சமாளிச்சிக்கினு, "நாவல்ல இப்படி இல்ல"ன்னாரு. நாவல்ல எப்படின்னு நாங்க புடிச்சிக்கினோம். "அதெல்லாம் படிச்சாதான் தெரியும், சொன்னா புரியாது"ன்னுட்டு எழுந்து போயிட்டாரு. எனக்குப் பொறுக்கல. அந்தக் கடைக்கே போய் அதே பொஸ்தகத்த எடுத்தேன். கடைசி எட்டுப் பக்கம் இல்ல. யாரோ கிழிச்சிருக்காங்க. வடை மடிச்சாங்களோ, அடுப்பு மூட்டுனாங்களோ. மனுசன் முடிவே தெரியாத ஒரு பொஸ்தகத்தப் படிச்சிட்டு, எங்கள மாதிரியே நெஞ்சு திக்குதிக்குன்னு ஒக்காந்துக்கினு, ஊரு டீயெல்லாம் குடிச்சிருக்காரு. நான் யாருகிட்டயும் சொல்லல. அவருகிட்ட மட்டும் போய், "அண்ணே, எட்டுப் பக்கம்"ன்னேன். அப்பறம் கொஞ்ச நாளு எனக்கு டீ வாங்கிக் குடுத்தது அவருதான்.

அதுலேர்ந்து உனக்கு ஒரு மந்திரம் சொல்றேன். எந்த சீரியலு, எந்தப் படம், எந்தக் கதைன்னாலும் "நாவல்ல இப்படி இல்ல"ன்னு சொல்லு. யாராலயும் உன்ன மடக்க முடியாது. மெய்யாவே படிச்சவன் எதிர்ல இருந்தான்னா? "நீ படிச்சது ரெண்டாம் பதிப்பு"ன்னு சொல்லு. அவனே ஊட்டுக்குப் போய் அட்டையத் திருப்பிப் பாத்துக்கினு இருப்பான்.

கிண்டல் போவட்டும், ஞாயமும் கொஞ்சம் சொல்லணும். நாவல்ல இருக்கறது அப்படியே டிவியில வராது, வரவும் கூடாது. பொஸ்தகத்துல "ஒரு உருவம் இருட்டுல நகர்ந்தது"ன்னு ஒரு வரி எழுதிட்டா முடிஞ்சிது. அந்த உருவம் குட்டையா நெட்டையா, வேட்டியா சேலையான்னு எழுதறவரு சொல்லலன்னா நீ கேக்க முடியாது. கேமராவுக்கு அந்த வசதி இல்ல. ஒரு ஆள நிக்க வச்சே ஆவணும், நிக்கிற ஆளுக்கு ஒயரம் இருக்கும், தோள் இருக்கும், நடை இருக்கும். அந்தக் குதிரைக்காரன எத்தினி வாரம் மூஞ்சி தெரியாம, ஆனா பாக்கறவனுக்கு ஏமாத்துன மாதிரியும் தோணாம காட்டுனாங்க பாரு, அது எழுத்தாளரு வேல இல்ல, நாகா வேல. அதப் பாராட்டி ஒருத்தன் ஒரு வார்த்த பேசல. குதிர நல்ல ஜாதிக் குதிரன்னு மட்டும் பேசுனாங்க.

இன்னொண்ணு, படிக்கிறவன் மனசுக்குள்ள ஏற்கெனவே ஒரு மூஞ்சி இருக்கும். சுஜாதா எழுதின கணேஷ்–வசந்த் எப்படி இருப்பாங்கன்னு ஊருக்கே தெரியும், ஏன்னா பத்திரிகையில ஜெயராஜ் படமா வரைஞ்சி வரைஞ்சி மனசுல குந்த வச்சிட்டாரு. அப்பறம் எந்த நடிகரு வந்து நின்னாலும், "இவனா வசந்த்?"னுதான் கேப்பாங்க. 1978-ல 'ப்ரியா' படத்துல ரஜினிகாந்தே வக்கீலு கணேஷா வந்தாரு. அப்பவும் நம்ம வாத்தியார் ஒருத்தரு ஒதட்டப் பிதுக்குனாரு. 'கொலையுதிர் காலம்' தூர்தர்ஷன்ல வந்தப்பவும் அதே ஒதடு, அதே பிதுக்கல். அது பேயா விஞ்ஞானமான்னு சுஜாதா ரெண்டு பக்கமும் கயித்தக் கட்டி இழுத்த கதை. அதப் பத்தி ஒருத்தனும் கேக்கல, வசந்த் மீச சரியில்லன்னே பேசி முடிச்சிட்டாங்க.

ஆனா சரியா எடுக்கலன்னா எடுக்கலன்னு சொல்லணும்டா, அதுல தாட்சண்யம் வேணாம். நாவல்ல நாலு வரியில ஓடுற சமாச்சாரத்த நாலு வாரத்துக்கு இழுத்து, நடுவுல சம்பந்தமில்லாம ஒரு கல்யாணத்த வச்சி, கதை கால ஒடிச்சிட்டாங்கன்னு வை. நம்ம பக்கம் கை காலு ஒடிஞ்சா ரயிலேறி புத்தூருக்குப் போய் மூங்கில் பத்தையும் முட்டையும் மூலிகையும் வச்சிக் கட்டு போட்டுக்கினு வரோம். கதைக்குக் காலு ஒடிஞ்சா எந்தப் புத்தூர்லயும் கட்டு கெடையாது. அதனால ஒடைக்கசொல்லவே கத்தணும்.

கத்தினா கேப்பாங்களான்னு கேளு. கேட்டிருக்காங்க. நம்ம ஊரு ரிட்டையர்டு இங்கிலீஷ் வாத்தியாரு சொல்லுவாரு. கோனன் டாயில்னு ஒரு வெள்ளக்காரரு, ஷெர்லாக் ஹோம்ஸ எழுதினவரு. எழுதி எழுதி அலுத்துப் போய் 1893-ல அந்த ஹோம்ஸ அருவியில தள்ளி வுட்டுட்டாரு. படிக்கிறவங்க வுடுவாங்களா? பத்திரிகை வாங்கறத நிறுத்துனாங்க, திட்டித் திட்டிக் கடுதாசி போட்டாங்க. பத்து வருசம் தள்ளி 1903-ல, அவன் சாவலன்னு கதை எழுதித் திரும்பக் கொண்டாந்தாரு. செத்தவனையே எழுப்புற சக்தி இருக்குது கருத்துக்கு. அத வச்சிக்கினு நீ 'செம போரு'ன்னு ரெண்டு வார்த்த சொல்ற.

முடிவு முன்னாடியே தெரிஞ்சா ருசி போச்சுன்னு நீங்கல்லாம் ஒண்ணு சொல்றீங்களே, ஸ்பாய்லரு, அதக் கேட்டா எனக்குச் சிரிப்பு வருது. இது பாரதக் கூத்து பாத்து வளந்த பூமிடா. திரௌபதியம்மன் கோயில் திருவிழாவுல நாளு நாளா பாரதம் படிப்பாங்க, ராத்திரி கூத்து, கடைசி நாளு படுகளம். மண்ணுல துரியோதனன நீட்டிப் படுக்க வச்சிருப்பாங்க, தெருவ அடைச்சிக்கினு. தொடையில அடி உழப் போவுது, பாஞ்சாலி கூந்தல முடியப் போறான்னு பொறந்த கொழந்தைக்குக்கூடத் தெரியும். எவனாவது "முடிவச் சொல்லிட்டியே பாவி"ன்னு சண்டைக்குப் போனானா? விடிய விடியப் பாத்துட்டு, "போன வருசம் கட்டுன துரியோதனன் வேஷம் இதவிட நல்லாருந்துது, அவன் உழறசொல்ல ஒரு கர்வம் இருந்துது பாரு"ன்னு பேசிக்கினு ஊட்டுக்கு வருவாங்க. அதான் கருத்து. நாவலு படிச்சவன் எடம் அதான். அவனுக்கு 'யாரு'ன்னு தெரியும், அதனால அவன் 'எப்படி'ன்றதப் பாக்கணும். அத உட்டுட்டு முடிவத் தெரிஞ்சி வச்சிக்கினு டீ குடிக்கக் கூடாது. (மேல சொன்ன ஆளு முடிவே தெரியாம குடிச்சாரு, அவரு மகான், அவர இதுல சேக்காத.)

நகரியில நம்ம சம்பந்தி ஊடு இருக்கே, அவங்க கருத்து எல்லைக்கு அந்தப் பக்கத்துக் கருத்து. நான் 'விடாது கருப்பு' பத்திப் பெருமையா எடுத்தேன்னா, அவரு உடனே எண்டமூரி வீரேந்திரநாத்த எடுப்பாரு. "மா துளசிதளம் முந்து இதெல்லாம் இன்னா பாவா, அதப் படிச்சிட்டு நான் மூணு ராத்திரி வெளக்கு அணைக்கல"ம்பாரு. அந்தத் துளசிதளமும் தமிழ்ல வந்துதுன்னு சொன்னா அவருக்குப் புடிக்காது, நாம எடுத்துக்கினோம்னு நெனைப்பாரு. எடுக்கறதுன்னா அவங்களுக்கு நம்ம ஊரு ஞாபகம்தான் வரும். நான் பொறக்கசொல்ல இது மதராஸ் மாகாணம், ஓடி வெளையாடசொல்ல ஆந்திரா, சித்தூர் ஜில்லா. அப்பறம் ம.பொ.சி., மங்கலங்கிழார் எல்லாம் போராடி 1960 ஏப்ரல் 1-ஆம் தேதி திரும்ப இந்தப் பக்கம் வந்தோம். முட்டாள் தினம் பாத்து வந்ததால எங்க பெரியப்பா ரெண்டு நாளு நம்பவே இல்ல. கதை பாதியில இப்படி ரெண்டு தடவ திரும்புன ஊர்க்காரன்கிட்ட வந்து, "ட்விஸ்ட் எதிர்பாத்ததுதான்"னு சொல்றியே, உன் வாய்க்கு இன்னா சொல்றது.

இந்த லாஜிக் கேஸுங்கள பத்தியும் சொல்லிடறேன், அப்பறம் டீ ஆறிடும். குதிர இருட்டுல எப்படி அவ்வளவு வேகமா ஓடும், லாஜிக் இல்லன்னு அன்னிக்கே ஒருத்தன் கேட்டான். நல்ல கேள்விதான். கேட்டவன் வண்டி ஹேண்டில்ல எலுமிச்சம் பழமும் பச்ச மொளகாவும் தொங்கிக்கினு இருந்துது. அவனுக்கு எதிர்ப் பக்கம் சாமியார் கோஷ்டி, சாமிய வச்சி வெளையாடுறாங்க, டிவிக்காரனுக்கு ஒண்ணு ஆவப் போவுதுன்னு சாபம் குடுத்தாங்க. இன்னா ஆச்சு? அதுல நடிச்ச சேத்தனும் தேவதர்சினியும் அங்கியே பழகிக் கல்யாணம் பண்ணிக்கினாங்க. கருப்பு புண்ணியத்துல நடந்த ஒரே குத்தம் அதான்.

இப்ப அந்தக் கதையெல்லாம் யூடியூப்ல முழுசா கெடக்குதுன்ற. 2022-ல ஆஹாவுல 'இரை'ன்னு சரத்குமார் நடிச்சது வந்துதே, அர்ச்சனா சரத்துன்ற அம்மா இங்கிலீஷ்ல எழுதின நாவலாம். நீதான் போட்டுக் காட்டுன. நான் ரெண்டு பாகம் பாத்துட்டு, போதும், மிச்சம் நாளைக்கின்னேன். நீ என்னிய ஏற எறங்கப் பாத்த, தாத்தனுக்குப் புரியலன்னு நெனச்ச. புரியலடா, புரியாம ராத்திரி படுத்துக்கினு மோட்டுவளையப் பாத்து அவனா இருக்குமோ இவனா இருக்குமோன்னு யோசிக்கத்தான் அங்கியே நிறுத்துனேன். நீ பக்கத்துல குந்திக்கினு, "அந்த ஆளு இல்ல தாத்தா"ன்னு ஆரம்பிச்ச பாரு, அன்னிக்குத்தான் உன் அப்பன்கிட்டச் சொன்னேன், இவனுக்கு ஒரு வழி பண்ணணும்னு.

வழி பண்ணியாச்சு. நீ புதுசா ஒண்ணு ஆரம்பிச்சிருக்கியாமே, பத்து எபிசோடாம், அதுவும் நாவலாம். மொதலு ஒண்ணு மட்டும் பாத்துருப்ப, போன்ல சார்ஜும் இத்தோட தீந்துருக்கும். சார்ஜரத் தேடாத. ஊட்ல நாலு பேரு இருக்கோம். நான் காலைலேர்ந்து இந்தப் பெஞ்சுலயே குந்தியிருக்கேன், அதுக்கு டீக்கடக்காரரு சாட்சி. உன் பாட்டி விடியகாலைல ஒரு மஞ்சப் பைய எடுத்துக்கினு சரவணப் பொய்கைப் பக்கம் போனத நான் பாத்தேன், ஆனா பையில இன்னா இருந்துதுன்னு பாக்கல. உன் அப்பன் இன்னிக்கி என்னிக்கும் இல்லாம ஆபீசுக்குச் சீக்கிரம் போனான். உன் அம்மா ஒண்ணுமே கேக்கல, அதான் எனக்கே கொஞ்சம் ஒதைக்குது. அடுத்த வாரம் இதே கெழமைக்கு வந்து யாருன்னு சொல்லு. டீ நீதான் சொல்லணும், மசால் வடையும்.